பிரசவ இரத்த அளவு விரிப்பு: லேபர் வார்டிலிருந்து ஒரு மதிப்புரை

குழந்தை பிறந்தவுடன் தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. வழியும் இரத்தம் அதன் நுனியிலுள்ள புனல் வடிவப் பையில் சேர்கிறது. பையின் மேல் அச்சிட்ட கோடுகள் எத்தனை மில்லிலிட்டர் சேர்ந்திருக்கிறது என்று காட்டுகின்றன. வார்டில் நாங்கள் இதை ‘டிரேப்’ என்றே சொல்கிறோம். பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன; அடிப்படை அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமல் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாலுகா அளவிலான மருத்துவமனை ஒன்றில் மகப்பேறு மருத்துவராகப் பணிபுரியும் நான், இதைத் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்க வேண்டிய பொருள் இது. ஆனால் இரத்தம் கோட்டைத் தொட்டதும் யார், என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்யாமல் விரிப்பை மட்டும் வாங்கினால் பணம்தான் வீண்.

பிரசவ வார்டில் மிகவும் அஞ்சுவது எதற்கு என்று மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் பிரசவத்துக்குப் பிந்தைய அதிக இரத்தப்போக்கைத்தான், அதாவது நாங்கள் பிபிஎச் என்று சுருக்கிச் சொல்லும் நிலையைத்தான், குறிப்பிடுவார்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்கு இது நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் குறிப்பிட்டது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. வரை இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியுள்ள அதன் இழைகள் இரத்தக் குழாய்களை நெரித்து அடைத்தால்தான் அந்த ஓட்டம் நிற்கும். பிபிஎச் ஏற்படும் 10 பேரில் சுமார் 7 பேருக்கு இந்த இறுக்கம் ஏற்படாமல் போவதே காரணம். மற்றவர்களுக்குப் பிறப்புப் பாதையில் ஏற்பட்ட கிழிசலோ, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துண்டோ, இரத்தம் உறையாத கோளாறோ காரணமாக இருக்கும். எந்தக் காரணமாக இருந்தாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு தாயின் நிலை அரை மணி நேரத்துக்குள் கைமீறிப் போய்விடக்கூடும்.

இதற்கான சிகிச்சை எங்களுக்குத் தெரியாத ஒன்றன்று. கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசினும், உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் விலை குறைந்த, பழகிய மருந்துகள். இரத்தப்போக்கு அளவு மீறிவிட்டது என்பதை உரிய நேரத்தில் உணர்வதுதான் கடினம். நெடுங்காலமாக நாங்கள் கண்ணால் பார்த்தே அளவைக் குறித்து வந்தோம். மெக்கின்டாஷ் ஷீட் எனும் ரப்பர் விரிப்பில் தேங்கியது, துணியிலும் பஞ்சிலும் ஊறியது, மேசைக்குக் கீழே வாளியில் விழுந்தது, தரையில் சிந்தியது, பனிக்குட நீரோடு கலந்து போனது என்று பல இடங்களில் சிதறிய இரத்தத்தை ஒருவர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, ‘200 மி.லி.’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார். குறைவாகப் போனால் கண் சற்றுக் கூட்டிச் சொல்லும். நிறையப் போனால் வெகுவாகக் குறைத்துச் சொல்லும். ஆபத்து மிகும்போதுதான் மதிப்பீடு அதிகம் பிழைக்கிறது என்பதே இதிலுள்ள கொடுமை. அனுபவம் கூடக்கூட இந்தப் பிழை சரியாகிவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை.

தாயின் உடலும் எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் கன அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடுவதால், கணிசமான அளவு இழந்த பிறகும் இரத்த அழுத்தம் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். அழுத்தம் சரியும் வரை காத்திருந்தவர் பொன்னான நேரத்தை இழந்துவிட்டார் என்றே பொருள். இரத்தசோகை உள்ள தாய்க்கோ அந்தச் சேமிப்பே குறைவு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே ஆய்வு, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடப்பதாகவும் சொல்கிறது. தாய் எங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறார். வீட்டிலிருந்து வந்து சேரும் தாமதத்தைவிட, வந்து சேர்ந்த பிறகு வார்டுக்குள் நேரும் தாமதம்தான் இன்று நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது. அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்கான கருவியாகவே இந்த விரிப்பை நான் பார்க்கிறேன்.

இதன் முன்னோடிகளில் முக்கியமான ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உருவானது என்பது பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில், பிரசவத்துக்குப் பிறகு மிசோபுரோஸ்டால் மாத்திரை கொடுத்தால் இரத்தப்போக்கு குறையுமா என்று பெலகாவி ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். துணைச் செவிலியர்கள் பார்க்கும் கிராமப்புறப் பிரசவங்களில் இரத்தத்தை நம்பகமாக அளக்க ஒரு வழி வேண்டியிருந்ததால், வயிற்றைச் சுற்றிக் கட்டும் நாடாக்களும் கோடிட்ட பையும் கொண்ட ‘பிராஸ்-வி’ என்ற விரிப்பை அவர்கள் வடிவமைத்தார்கள். 1620 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2006இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மாத்திரை பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 12 சதவீதம் பேருக்கும் அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணால் மதிப்பிட்ட அளவு விரிப்பு காட்டிய அளவைவிடச் சராசரியாக 33 சதவீதம் குறைவாக இருந்தது தெரியவந்தது. மூன்றில் ஒரு பங்கு இரத்தம் கணக்கிலேயே வராமல் போயிருக்கிறது.

எங்கள் வார்டில் இப்போது பயன்படுத்தும் விரிப்பில் 300 மி.லி.யில் மஞ்சள் கோடும் 500 மி.லி.யில் சிவப்புக் கோடும் உள்ளன. பயன்படுத்தும் முறை எளிது. ஆனால் விரிக்கும் தருணம் தவறினால் அளவே தவறிவிடும். குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகுதான் விரிப்பைத் தாயின் அடியில் செலுத்த வேண்டும். பிரசவத்துக்கு முன்பே விரித்து வைத்துவிட்டால் நீரும் சிறுநீரும் சேர்ந்து பை நிரம்பி, வீண் பதற்றத்தை உண்டாக்கும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்துவிட்டால் ‘இதெல்லாம் தண்ணிதான்’ என்று செவிலியர்கள் கோட்டை நம்பாமல் விட்டுவிடுவார்கள். அந்த அவநம்பிக்கையை பிறகு போக்குவது கடினம். புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த ஒன்றைத்தான்.

விரித்த பிறகு, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பையின் அளவு, இரத்தம் வழியும் வேகம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம் ஆகிய ஐந்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். இரத்தம் தொடர்ந்து வழிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விரிப்பை எடுக்காமல் வைத்திருக்கலாம். இரத்தம் பையில் சேர்வதால் மேசையும் தரையும் தூய்மையாக இருக்கின்றன என்பது கூடுதல் நன்மை. ஊறிய துணிகளின் மேல் தாய் கிடக்க வேண்டியதில்லை என்பதை மரியாதை சார்ந்த நன்மையாகவும் கருதுகிறேன்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இரத்தத்தை அளந்தால் உயிர் பிழைக்குமா? அளப்பதால் மட்டும் பிழைக்காது என்று ஒரு பெரிய ஆய்வே காட்டியிருக்கிறது. 13 ஐரோப்பிய நாடுகளில் சுமார் 25,000 பிரசவங்களை உள்ளடக்கி நடந்து, 2010இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான அந்த ஆய்வில், சில மருத்துவமனைகளுக்கு இரத்தச் சேகரிப்புப் பை கொடுக்கப்பட்டது. மற்றவை பழைய முறையில் கண்ணால் மதிப்பிட்டன. கடுமையான இரத்தப்போக்கு பை தந்த இடங்களில் 1.71 சதவீதம், தராத இடங்களில் 2.06 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடியது என்றே புள்ளியியல் சொன்னது. பையைக் கொடுத்தவர்கள், அது நிரம்பும்போது செய்ய வேண்டியதை அந்தந்த மருத்துவமனையின் வழக்கத்துக்கே விட்டிருந்தார்கள்.

13 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு வேறு விதமாக அணுகியது. பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அது நடந்தது. ஒரு பாதி மருத்துவமனைகளுக்குக் கோடிட்ட விரிப்போடு, கோட்டைத் தொட்டதும் வரிசையாகக் காத்திருக்காமல் ஒருசேரச் செய்ய வேண்டிய சிகிச்சைத் தொகுப்பும் கற்பிக்கப்பட்டது: கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்தல், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியாகத் திரவம், பிறகு காரணம் தேடிப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மேல்நிலை உதவியை அழைத்தல். மறு பாதியில் வழக்கமான கவனிப்பு தொடர்ந்தது. ஆய்வுக்காக இரத்தத்தைச் சேகரிக்க அங்கேயும் விரிப்பு இருந்தது, ஆனால் அதில் அளவுக் கோடுகள் இல்லை. அதிக இரத்தப்போக்கு முதல் தரப்பில் 93.1 சதவீதம் கண்டறியப்பட்டது. மறு தரப்பில் 51.1 சதவீதம்தான். சிகிச்சைத் தொகுப்பு முழுமையாகக் கிடைத்தவர்கள் முறையே 91.2 சதவீதமும் 19.4 சதவீதமும். கடுமையான இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, இரத்தப்போக்கினால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 1.6 சதவீதமும் 4.3 சதவீதமும், அதாவது சுமார் 60 சதவீதக் குறைவு. மகப்பேறு மருத்துவத்தில் இவ்வளவு எளிய பொருளை வைத்து இவ்வளவு பெரிய மாற்றத்தைக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை. அந்த ஆண்டு இறுதியிலேயே உலக சுகாதார நிறுவனம் யோனிவழிப் பிரசவங்களில் இரத்தத்தை அளந்து கவனிப்பதையும் இந்தச் சிகிச்சைத் தொகுப்பையும் பரிந்துரைத்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் விரிப்பை வாங்கும் நிர்வாகங்கள்தான் பிறகு ‘வாங்கியும் பயனில்லை’ என்கின்றன. கோடு ஓர் உத்தரவாக இருக்க வேண்டும். அந்த உத்தரவை நிறைவேற்றும் அதிகாரம், தாயின் அருகில் நிற்கும் செவிலியரிடம் இருக்க வேண்டும். நம் மருத்துவமனைகளின் வழக்கத்தில், எதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற தயக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. மருத்துவர் மற்றொரு தாய்க்குச் சிசேரியன் செய்துகொண்டிருப்பார், செவிலியர் தகவல் சொல்லி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார், பை நிரம்பிக்கொண்டிருக்கும். எங்கள் வார்டில் எழுத்துப்பூர்வமான நிலையான உத்தரவு ஒன்றை ஒட்டி வைத்து, அதற்கான மருந்துகளை ஒரே டிரேயில் தயாராக வைத்த பிறகுதான் இந்த விரிப்பு உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. ஓர் இரவு நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது தொலைபேசியில் எனக்கு வந்த செய்தி இதுதான்: “மேடம், மஞ்சக் கோடு தாண்டிடுச்சு, பல்ஸ் 116. ஆக்ஸிடோசினும் டிரானெக்ஸாவும் போட்டாச்சு, யூட்ரஸ் இப்ப இறுகுது. நீங்க முடிச்சிட்டு வாங்க.” முன்பெல்லாம் அதே செவிலியர் “என்ன போடட்டும் மேடம்?” என்று கேட்டிருப்பார். அந்தத் தாய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தச் சில நிமிடங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சோதித்து 2017இல் வெளியான ‘வுமன்’ ஆய்வில், குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 1.7 சதவீதம். மருந்து தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று அடுத்து வந்த பகுப்பாய்வு காட்டியது. 2025இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டு மகப்பேறு மருத்துவர், மருத்துவச்சியர் கூட்டமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 500 மி.லி. வரை காத்திருக்காமல், 300 மி.லி.யைத் தாண்டியதும் நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ இயல்பு மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. ஆகவே மஞ்சள் கோடு இல்லாத விரிப்பை இனி யாரும் வாங்கக் கூடாது. 50 கிலோ எடைகூட இல்லாத, இரத்தசோகையுள்ள நம் தாய்மார்களுக்கு அந்தக் கோடுதான் சிவப்புக் கோட்டைவிடவும் தேவையானது.

குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விரிப்பு தனக்குள் விழும் இரத்தத்தை மட்டுமே அறியும். கிழிசலிலிருந்து திசுக்களுக்குள் கசிந்து தேங்கும் இரத்தத்தையும், கருப்பைக்குள்ளேயே உறைந்து நிற்கும் கட்டிகளையும், கருப்பை கிழிந்து வயிற்றுக்குள் பாயும் இரத்தத்தையும் அது காட்டாது. பையில் 150 மி.லி. மட்டுமே இருக்க, தாய் வெளிறி, நாடி 130க்கு ஏறியிருந்தால் நம்ப வேண்டியது நாடியைத்தான். விரிப்பு வந்த பிறகு நாடி பார்ப்பது குறைந்துவிட்ட வார்டுகள் உண்டு. அது இந்தப் பொருளின் மிக ஆபத்தான பக்கவிளைவு என்பேன்.

சிசேரியனுக்கு இது உதவாது. மேற்கண்ட ஆப்பிரிக்க ஆய்வும் யோனிவழிப் பிரசவங்களைப் பற்றியதே. அறுவை அரங்கில் உறிஞ்சு குடுவையில் சேர்ந்ததையும், ஊறிய மாப்களை (இரத்தம் ஒற்றும் துணிகளை) எடைபோட்டு அவற்றின் உலர் எடையைக் கழித்து வருவதையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. நம் மருத்துவமனைகளில் சிசேரியன்கள் பெருகியிருக்கும் நிலையில், பிபிஎச் கவனிப்பின் கணிசமான பகுதி இந்த விரிப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சமதளமான கட்டிலில் பை தொங்குவதற்கு இடமில்லாமல் படுத்துவிடுகிறது. இரத்தம் தாயின் முதுகுப்பக்கம் ஓடித் தேங்குகிறது. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, தாயைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தினால் மட்டுமே அளவு சரியாகத் தெரியும். அமர்ந்தோ ஒருக்களித்தோ பிரசவிக்க விரும்பும் தாய்க்கு, பிறகு மல்லாந்து படுத்தால்தான் அளவு கிடைக்கும் என்பது ஒரு நெருக்கடியே. வெயில் காலத்தில் தொடைக்கு அடியில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வியர்ப்பதாகப் பல தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையை மார்பில் அணைத்துப் பால் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இந்த அசௌகரியத்தைச் சிறியதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. என்ன, ஏன் என்று முன்கூட்டியே விளக்கினால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். விளக்காமல் விரிப்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

இது ஒரு முறை பயன்படுத்தி அப்புறப்படுத்த வேண்டிய பொருள். கழுவி உலர்த்தி அடுத்த தாய்க்கு விரிப்பது தொற்றை வரவழைத்து வைப்பதாகும். எந்தக் காரணம் சொன்னாலும் அதை ஏற்க முடியாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்று என்றால் பிளாஸ்டிக் கழிவு கூடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் ஒரு தாய்க்கு இரத்தம் ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்கும் செலவோடும், அவருடைய உயிரோடும் ஒப்பிட்டால் இந்தச் செலவைத் தயங்காமல் ஏற்கலாம் என்பதே என் கருத்து.

வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் சில விரிப்புகளை வார்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அளவுக் குவளையால் 300 மி.லி. தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மஞ்சள் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு ஓரளவு விலகிப்போன விரிப்புகளும் விற்பனையில் இருக்கின்றன. பையின் பக்க ஒட்டு, முழுக் கொள்ளளவையும் தாங்குகிறதா, ஈரக் கையால் தேய்த்தால் அச்சு அழிகிறதா, இரவு விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் நின்ற இடத்திலிருந்தே எண்களைப் படிக்க முடிகிறதா என்பவற்றையும் கவனியுங்கள். விலைப்புள்ளியில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பலியாவது பிளாஸ்டிக்கின் தெளிவுதான். மங்கிய பையில் இரத்தம் எதுவரை நிற்கிறது என்பதே தெரியாது. ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து என்பதால், லேபர் வார்டுக்கென்றே ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்பதையும் அதே ஆர்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. சமதளக் கட்டிலிலும் பை நிமிர்ந்து நிற்கும்படி அடியில் ஒரு மடிப்போ தாங்கியோ வைத்துத் தாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல பிரசவங்கள் இன்னும் சாதாரணக் கட்டில்களில்தான் நடக்கின்றன. தாயின் தோலில் படும் மேற்பகுதியைப் பிளாஸ்டிக்காக விடாமல் மெல்லிய துணியால் மூடி, பையை மட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள்.